பன்றிக் கரு டிசெக்‌ஷன் தொகுப்பு: இதயமும் நுரையீரலும் பார்க்க வாங்கலாமா?

எங்கள் உயிரியல் வகுப்புக்கு இந்த முறை பதப்படுத்திய பன்றிக் கரு ஆறு வாங்கினோம், நான்கு மாணவர்களுக்கு ஒன்று என்ற கணக்கில். கூடவே அதே விற்பனையாளரின் கருவிப் பெட்டியும் கையேடும் வந்தன. முழு உடலையும் அறுத்துப் பார்க்க நேரம் கிடையாது, இரண்டே வகுப்புதான், அதனால் இதயமும் நுரையீரலும் மட்டும் போதும் என்று முடிவு செய்தோம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கருவை நம்பி வாங்கலாம். கருவிப் பெட்டி தேவையில்லை. கையேடு குழப்பத்தான் செய்யும்.

இவை டிசெக்‌ஷனுக்காக வளர்க்கப்பட்டவை அல்ல, இறைச்சிக்காக வெட்டப்படும் தாய்ப்பன்றிகளின் வயிற்றில் இருந்தவை. பையைப் பிரிப்பதற்கு முன்னால் இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், சொல்லாமல் ஆரம்பிப்பது சரியில்லை என்று தோன்றியது. பன்றியின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 114 நாள். எங்களுக்கு வந்தவை சுமார் 28 செ.மீ. நீளம், அதாவது பிறக்கும் தறுவாயில் இருந்தவை. ஒரு மாணவி தொட மாட்டேன் என்றாள். வற்புறுத்தவில்லை, அவள் குழுவில் படம் வரைகிற பொறுப்பை அவளிடம் கொடுத்தேன், கடைசியில் தேர்வுக்கு முன்னால் எல்லோரும் பார்த்துப் படித்தது அவள் வரைந்ததைத்தான்.

வாடை உண்டு. ஃபார்மலினில் (ஃபார்மால்டிஹைடு கரைசல்) பதப்படுத்திவிட்டுப் பிறகு வேறு திரவத்துக்கு மாற்றி அனுப்புகிறார்கள் என்றாலும் மிச்சம் இருக்கத்தான் செய்யும், ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டது என்பதால் இதில் அசட்டை கூடாது. ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள், ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், நைட்ரைல் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். வெட்டும்போது உள்ளே தேங்கிய திரவம் முகத்தில் தெறிக்கும்.

மார்பைத் திறந்தவுடன் இதயம் தெரியும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். தெரியாது. முதலில் தெரிவது தைமஸ் சுரப்பி, கருவில் அது அவ்வளவு பெரியது, இதயத்தின் மேல்பகுதியை மூடிக்கொண்டு கழுத்து வரை போகும். மூன்று குழுக்கள் அதையே நுரையீரல் என்று குறித்துவிட்டார்கள். அதை மெதுவாக விலக்கி, இதய உறையைக் கிழித்த பிறகுதான் இதயம் வெளியே வரும்.

நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். மனிதனுக்கு வலப்பக்கம் மூன்று மடல், பன்றிக்கு நான்கு. நான்காவது இதயத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், விரலால் இதயத்தைத் தூக்கிப் பார்த்தால்தான் கிடைக்கும். மூச்சுக்குழலைத் தொட்டுக்கொண்டே கீழே போனால், அது இரண்டாகப் பிரிவதற்கு முன்பே வலது மேல் மடலுக்கு ஒரு கிளை தனியாகப் போவதும் தெரியும். அப்புறம் ஒரு சின்னத் துண்டை வெட்டித் தண்ணீரில் போடச் சொன்னேன். கல் மாதிரி மூழ்கியது. காற்றே போகாத நுரையீரல், கையில் பிடித்தால் ஈரல் போலக் கெட்டியாக இருக்கிறது, பஞ்சு மாதிரி இருக்கும் என்று படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு அது பெரிய ஆச்சரியம்.

சரி, இதயம். நாங்கள் வாங்கியது தமனியில் சிவப்பும் சிரையில் நீலமுமாக லேடெக்ஸ் (உறைந்து கெட்டியாகும் ரப்பர் பால்) ஏற்றிய வகை. ரத்தக் குழாய்களைத் தேடிப் பிடிக்க இதைப்போல் உதவி வேறில்லை. பெருந்தமனி வளைவிலிருந்து இரண்டே கிளைகள் கிளம்புவதை (நமக்கு மூன்று) எல்லாக் குழுவும் தாங்களாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நிறம் குழாயின் வகையைத்தான் காட்டுகிறது, ஆக்சிஜனை அல்ல. கருவுக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் வருவதே தொப்புள் சிரை வழியாகத்தான்.

இந்தத் தொகுப்புக்குக் கொடுத்த பணம் முழுக்க ஒரே ஒரு குழாய்க்காகத் தகும் என்று நினைக்கிறேன். வலது கீழறையிலிருந்து கிளம்பும் நுரையீரல் தமனியைப் பின்தொடர்ந்து போன ஒரு மாணவன், "இது நுரையீரலுக்குத்தானே போகணும் டீச்சர், ஏன் நேரே பெருந்தமனிக்குள்ள போகுது?" என்று கேட்டான். அதுதான் டக்டஸ் ஆர்டீரியோசஸ். சின்ன இணைப்பு என்று புத்தகத்தில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், கையில் பிடித்துப் பார்த்தால் நல்ல தடிமன், நுரையீரலுக்குப் போகும் கிளைகளைவிடப் பெரியது. கருவின் நுரையீரலுக்குள் காற்றுக்குப் பதில் திரவம், அங்கே உள்ள குழாய்கள் சுருங்கிக் கிடப்பதால் ரத்தம் உள்ளே போகச் சிரமப்படுகிறது, மூச்சு வேலையை நஞ்சுக்கொடி பார்த்துக்கொள்வதால் பெரும்பகுதி ரத்தம் இந்தக் குறுக்கு வழியில் உடலுக்குப் போய்விடுகிறது. பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் நுரையீரல் குழாய்கள் விரிகின்றன, பிறகு இந்த வழி மூடி வெறும் நாராகிவிடும். இதை எத்தனையோ முறை பலகையில் வரைந்து விளக்கியிருக்கிறேன், ஒரு முறைகூட அந்தக் கேள்வி ஒரு பிள்ளையிடமிருந்து வந்ததில்லை.

இனி குறை. லேடெக்ஸ் குழாய்களோடு நிற்பதில்லை, இதய அறைகளுக்குள்ளும் இறங்கி உறைந்துவிடுகிறது. இதயத்தை வெட்டித் திறந்தால் நீலக் கட்டி ஒன்று அறையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இடுக்கியால் இழுத்தபோது இரண்டு இதயங்களில் வால்வு இதழ்களும் அவற்றைப் பிடித்திருக்கும் நாண்களும் சேர்ந்து கிழிந்து வந்துவிட்டன. பொறுமையாகத் துண்டு துண்டாக எடுத்தவர்களுக்கு மட்டும் இரண்டு மேலறைகளுக்கும் நடுவே உள்ள ஃபோராமென் ஓவேல் என்ற துளை கிடைத்தது, மழுங்கிய கம்பியை வலது மேலறையிலிருந்து விட்டால் இடது பக்கம் எட்டிப் பார்க்கும். கீழறைகளை வெட்டிப் பார்த்தால் இரண்டு சுவர்களும் கிட்டத்தட்ட ஒரே தடிமன், ஏனென்றால் கருவில் வலது பக்கமும் உடலுக்குத்தான் ரத்தம் தள்ளுகிறது. இடப்பக்கம் தடித்திருக்கும் என்று மனப்பாடம் செய்தவர்கள் தவறாக வெட்டிவிட்டோமோ என்று பயந்துவிட்டார்கள்.

கருவிப் பெட்டியைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. கத்தரிக்கோலின் இரண்டு முனையும் கூர்மை, கீழே போகும் முனை மழுங்கியதாக இருந்தால்தான் மார்பைத் திறக்கும்போது இதயத்தில் குத்தாது. ஒரு குழுவுக்குக் குத்திவிட்டது. இடுக்கியின் முனைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. மழுங்கிய கம்பி மட்டும் நன்றாக இருக்கிறது, உண்மையில் பாதி வேலை அதனால்தான் நடந்தது. கையேட்டில் இருப்பது பிறந்து வளர்ந்த மனித இதயத்தின் படம், நுரையீரலுக்கும் மூன்றும் இரண்டுமாக மடல் போட்டிருக்கிறார்கள். பன்றிக் கருவோடு அனுப்புகிற புத்தகத்தில் பன்றிக் கருவின் படம் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை, விற்பனையாளருக்கு எழுதியும் விட்டேன்.

அடுத்த முறை நான்கு லேடெக்ஸ் ஏற்றியது, இரண்டு ஏற்றாதது என்று கேட்கப் போகிறேன். குழாய்களை முதல் வகையிலும் வால்வுகளை இரண்டாவதிலும் பார்த்துக்கொள்ளலாம். இன்னும் சின்ன அளவிலும் கிடைக்கிறது, விலை குறைவு என்று அதை எடுத்துவிடாதீர்கள், அதில் இந்த டக்டஸ் நூல் மாதிரிதான் இருக்கும். முதல் வகுப்பு முடிந்ததும் ஈரத் துணியில் சுற்றிக் காற்றுப் புகாத பையில் போட்டு வையுங்கள், நாங்கள் ஒன்றை அப்படியே விட்டுவிட்டோம், மறுவகுப்புக்குள் நுரையீரல் காய்ந்து சுருங்கிவிட்டது.