எந்த பட்டன், எந்த வெளிச்சம்: சட்டைப்பை டார்ச்சுகள் ஓர் ஒப்பீடு

டார்ச் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் லூமென் (டார்ச் தரும் மொத்த ஒளியின் அளவு) கணக்கைத்தான் சொல்வார். 1000, 2000 என்று அட்டைப்பெட்டியிலும் பெரிதாக அச்சிட்டிருக்கும். மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் இரவில் வரப்பில் நடக்கிறவருக்கு அந்த எண்ணால் ஆவது கொஞ்சம்தான். அழுத்தியதும் முதலில் எந்த வெளிச்சம் வருகிறது, ஒரே கையால் அதை மாற்ற முடிகிறதா என்று பார்த்து வாங்குவதே நல்லது.

கடைதோறும் தொங்கும் மலிவான டார்ச்சில் பெரும்பாலும் ஒரே பட்டன்தான். அணைத்து உடனே அழுத்தினால் அடுத்த நிலைக்குத் தாவும்: அதிக வெளிச்சம், குறைந்த வெளிச்சம், பிறகு படபடவென்று மின்னும் நிலை. இந்த மூன்றாவதுதான் தொல்லை. பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாளில் மடை திறக்கப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். ஒரு கையில் மண்வெட்டி. டார்ச் பிடித்த கையெல்லாம் ஈரமும் சேறும். வெளிச்சத்தைக் குறைக்க அழுத்துகிறார். விரல் ஒரு முறை கூடுதலாகப் பட்டுவிடுகிறது. வரப்பு முழுவதும் மின்னி மின்னி மறைகிறது. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். கிடப்பது கயிறா, பாம்பா என்று தெரிய வேண்டிய நொடியில் இந்த மின்னல் காலை வாரிவிடும். விலை எவ்வளவு குறைந்தாலும் வயலுக்குப் போகிறவருக்கு இதை வாங்கித் தராதீர்கள்.

அடுத்தது, பின்முனையில் அழுத்த ஒரு பட்டன், நிலை மாற்ற பக்கவாட்டில் இன்னொன்று என்று இரண்டு உள்ள வகை. பின்முனைப் பட்டனிலும் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் ‘டிக்’ என்ற சத்தம் வருவதற்கு முன்பே, மெல்ல அழுத்தும்போதே விளக்கு எரியும். விரலை எடுத்தால் அணையும். மற்றதில் அழுத்தி விட்ட பிறகே எரியும். கடையில் நின்றபடியே கட்டைவிரலால் பாதி அழுத்திப் பார்த்தால் எது எதுவென்று தெரிந்துவிடும். வரப்புக்கு முதல் சாதியைத்தான் நான் சொல்வேன். புதரில் ஏதாவது ஓசை கேட்டதும் ஒரு கணம் அடித்துப் பார்த்து அணைக்கலாம். இருட்டில் தடவினாலும் பின்முனை கைக்கு அகப்படும். அணைத்துவிட்டால் மின்சுற்று முழுவதுமாகத் துண்டிக்கப்படுவதால் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தாலும் சுவிட்சால் பேட்டரி இறங்காது.

பக்கவாட்டில் மின்னணுப் பட்டன் மட்டும் உள்ள வகைக்குத்தான் வித்தைகள் அதிகம். பல மாடல்களில் ஒரு முறை தட்டினால் எரியும், பிடித்துக்கொண்டே இருந்தால் வெளிச்சம் மாறும், இரு முறை தட்டினால் உச்ச வெளிச்சம். அணைந்திருக்கும்போது நீளமாக அழுத்தினால் 1 லூமெனுக்கும் குறைவான நிலா வெளிச்சம் வரும். நள்ளிரவில் மின்சாரம் போய், பிள்ளைகள் தூங்கும் அறையில் தண்ணீர்ச் செம்பைத் தேடும்போது இதற்கு ஈடு கிடையாது. ஆனால் இந்தப் பட்டன் அழுத்தலுக்காக எப்போதும் விழித்திருப்பதால் துளி மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சட்டைப்பையில் தானாக எரிந்து உச்சத்துக்குப் போனால் துணி பொசுங்கும் அளவு சூடாகும். பையில் போடுமுன் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். பிறகு அழுத்தியும் எரியாவிட்டால் பூட்டிவிட்டது என்று பொருள். மரையில் மின்சாரம் கடத்தாத பூச்சு இல்லாத டார்ச்சில் இந்த உபாயம் பலிக்காது.

உச்ச வெளிச்சத்தை எந்த வகையிலும் நம்பி நடக்க முடியாது. சில நிமிடங்களில் உடல் சூடேறி, டார்ச் தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும்; மதுரைச் சித்திரை வெயிலில் காய்ந்த இரவுகளில் இன்னும் சீக்கிரம். பெட்டியில் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 (டார்ச்சுகளை அளக்கும் அமெரிக்கத் தரம்) என்று இருந்தால், எரியும் நேரம் என்பது வெளிச்சம் தொடக்க அளவில் 10 சதவீதமாகச் சரியும் வரையிலான நேரம். ‘5 மணி நேரம்’ என்பதைப் படித்து ஐந்து மணி நேரமும் முழு வெளிச்சம் என்று எண்ணிவிட வேண்டாம். எட்டும் தூரத்தை இரு மடங்காக்க ஒளிச்செறிவு நான்கு மடங்கு வேண்டும் என்பதால், லூமென் ஏறுகிற அளவுக்குக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. காலடி பார்க்க 100 முதல் 150 லூமென் தரும் நடுநிலை தாராளம். அந்த நிலையின் எரியும் நேரத்தைத்தான் ஒப்பிட வேண்டும்.

உசிலம்பட்டிப் பக்கம் விடியுமுன் மல்லிகை பறிக்கிறவர்களுக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். இரண்டு கையும் செடியில் இருக்க வேண்டியவர்களுக்குத் தலைவிளக்கே சரி.

வீட்டுக்கு மின்னணுப் பட்டன், வயலுக்கு இரட்டைப் பட்டன் என்பது என் தேர்வு. வயதான அப்பாவுக்கு வாங்குகிறவர்கள் ஒன்று கேளுங்கள்: கடைசியாக வைத்த நிலையிலேயே மறுபடி எரியுமா? எரியும் என்றால் நடுநிலையில் வைத்துக் கொடுத்துவிடுங்கள். அவர் நிலை மாற்றும் பட்டனைத் தொடவே தேவையில்லை.