44 மேக்னத்துக்கு மூன்று பெட்டி புல்லட்: அளந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்

44 மேக்னம் ரிவால்வருக்கு ரீலோட் செய்கிறவர்கள், அதாவது சுட்ட பித்தளைக் கூட்டில் புது வெடிமருந்தும் புல்லட்டும் வைத்துத் தாங்களே தோட்டா தயாரிக்கிறவர்கள், புல்லட் வாங்கும்போது முதலில் எடையைப் பார்க்கிறார்கள், அப்புறம் பெட்டி மேல் 'ஹார்ட் காஸ்ட்' (கெட்டி வார்ப்பு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். விட்டத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. என் கட்சி நேர் எதிர்: விட்டம் முதலில், கிரிம்ப் பள்ளம், அதாவது கூட்டின் வாயை மடக்கிப் புல்லட்டைப் பிடிக்க வைக்கிற பள்ளம், இரண்டாவது, மற்றதெல்லாம் பிறகு. மூன்று வகை புல்லட்டை ஒரே ரிவால்வரில் சுட்டுப் பார்த்தபோதும் இந்தக் கட்சி மாறவில்லை. ஒன்று கெட்டி ஈய வார்ப்பு, தயாரிப்பாளர் பெயர் வேண்டாம். இன்னொன்று பாலிமர் பூச்சுப் போட்ட ஈயம். மூன்றாவது ஹார்னடியின் எக்ஸ்டிபி, அதாவது செம்புக் கலவை உறை போட்ட குழிமூக்கு புல்லட். மூன்றுமே 240 கிரெய்ன், கிராமில் சொன்னால் ஏறக்குறைய பதினைந்தரை.

புல்லட்டைத் தொடுவதற்கு முன்னால் துப்பாக்கியை அளக்க வேண்டும். சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும், கூடு முடிந்து புல்லட் மட்டும் நுழைந்து போகிற குறுகலான பகுதி முன்பக்கம் இருக்கிறதே, அந்த த்ரோட்டின் விட்டம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. சிலிண்டரைத் தனியாகக் கழற்றி, எண்ணெய் தடவிய சுத்த ஈயத் துண்டு ஒன்றை அதில் தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரில் பிடித்தால் தெரிந்துவிடும். வெர்னியர் போதாது, இங்கே சண்டையே அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குத்தான். 44-க்குக் குழலின் உள்ளே இருக்கிற வரிப்பள்ளங்களின் விட்டம் 0.429 அங்குலம் என்பது வழக்கம். த்ரோட் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், எவ்வளவு என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். என்னுடையதில் எல்லா அறையும் 0.431-ஐ ஒட்டியே இருக்கிறது. ஈய புல்லட்டை விரலால் அழுத்தினால் த்ரோட்டுக்குள் போக வேண்டும், தானாக விழக் கூடாது. த்ரோட் குழலைவிடச் சிறிதாக இருக்கிற துப்பாக்கிகளும் உண்டு. அதில் புல்லட் முதலில் சுருங்கி, பிறகு குழலுக்குள் தளர்வாகப் போகும். அப்படிப்பட்ட துப்பாக்கிக்கு எந்தப் பெட்டி ஈயம் வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை, முதலில் துப்பாக்கி ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுத்து த்ரோட்டை ரீமர் போட்டுச் சரி செய்ய வேண்டும்.

சரி, கெட்டி வார்ப்புக்கு வருவோம். பெட்டியில் 0.430 என்று அச்சிட்டிருந்தது. கையில் எடுத்து அளந்தால் பாதிக்கு மேல் 0.429-ஐத் தாண்டவில்லை. பார்க்க அழகாக இருக்கிறது, விளிம்பெல்லாம் கூர்மை, பளபளப்பு. அடிப்பக்க விளிம்பு மட்டும் சாய்வாகச் சீவியிருக்கிறது. இயந்திரத்தில் வேகமாக வார்த்துத் தள்ளுவதற்கும் கூட்டுக்குள் சுலபமாக உட்காருவதற்கும் அது வசதி, பின்னால் வருகிற வாயுவை அடைப்பதற்கு அவ்வளவு வசதி இல்லை. உயவுப் பள்ளத்தில் இருக்கிற நீல மெழுகு நகத்தால் கீறினால்கூட உதிராமல் நிற்கிறது, வண்ணக் கிரேயான் மாதிரி. பெட்டியில் குலுங்கினாலும், வெயிலில் வண்டியில் போனாலும் உருகாது என்பதால் வணிக வார்ப்புக்காரர்களுக்கு அது பிடிக்கும். குழலுக்குப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன.

மிதமான லோடில் (அதாவது மிதமான வெடிமருந்து அளவில்) சிலிண்டரைச் சில தடவை காலி செய்ததும் கழற்றிப் பார்த்தேன். சிலிண்டரை ஒட்டிக் குழல் கூம்பாகத் தொடங்குகிற ஃபோர்சிங் கோனிலும் குழலின் முதல் அங்குலத்திலும் சாம்பல் நிறத்தில் ஈயம் அப்பிக்கிடந்தது, வரிப்பள்ளங்களின் ஓரத்தில் செதில் செதிலாக. இதைப் பார்த்ததும் "ஈயம் இன்னும் கெட்டியாக இருந்திருக்க வேண்டும்" என்று பலர் சொல்வார்கள். எனக்குச் சிரிப்புதான் வருகிறது. சின்ன புல்லட்டுக்கும் பெரிய த்ரோட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் சூடான வாயு பீறிட்டுப் போய், புல்லட்டின் பக்கவாட்டை உருக்கி அரித்து, குழலில் பூசிவிடுகிறது. ஈயம் மிருதுவாக இருந்திருந்தால் பின்னாலிருந்து வரும் அழுத்தத்தில் கொஞ்சம் உப்பி அந்த இடைவெளியை அடைத்திருக்கும். இந்த மிதமான லோடில் கெட்டி ஈயம் உப்பாது.

இதற்கு வார்ப்புக்காரர்கள் நடுவில் புழங்குகிற கைக்கணக்கு ஒன்று உண்டு. ஈயம் எவ்வளவு கெட்டி என்று சொல்கிற பிரினெல் கடின எண்ணை 1422-ஆல் பெருக்கினால், எத்தனை பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில் அந்த ஈயம் இளக ஆரம்பிக்கும் என்று தோராயமாக வரும். என் பெட்டியில் போட்டிருந்த எண் 18, அப்படியென்றால் 25,000-க்குச் சற்று மேல். 44 மேக்னத்தின் உச்சவரம்பு 36,000 பிஎஸ்ஐ, அதற்கு முந்தைய, அழுத்தம் குறைந்த தோட்டாவான 44 ஸ்பெஷலுடையது 15,500. முழு மேக்னம் லோடில் அந்த 18-ம் உப்பி அடைத்துவிடும், ஸ்பெஷல் அளவு லோடில் சுடுகிறவருக்கு 11 அல்லது 12 இருந்தாலே தாராளம். ஒப்பிட்டுப் பார்க்க: சுத்த ஈயம் 5, தொண்ணூறு பங்கு ஈயத்தில் ஐந்து பங்கு வெள்ளீயமும் ஐந்து பங்கு ஆண்டிமனியும் கலந்த லைமன் 2-ஆம் எண் கலவை 15. இது கைக்கணக்குதான், வேதவாக்கு இல்லை. விட்டம் சரியாக இருந்தால் மிருதுவான ஈயமும் ஓடும், கெட்டி ஈயமும் ஓடும், இந்தக் கணக்கைப் போடவே வேண்டியிருக்காது.

பூச்சுப் போட்ட ஈயம் எனக்குப் பிடித்துப்போனது. முதல் காரணம், விற்கிறவர் 0.429, 0.430, 0.431 என்று கேட்ட விட்டத்துக்கு சைஸ் செய்து தருகிறார், 0.431 கேட்டேன், அளந்தால் 0.431. வந்த பொருள் எழுதிய அளவில் இருப்பதே இந்தச் சந்தையில் பெரிய விஷயம். மெழுகு இல்லாததால் புகை குறைவு, புல்லட்டை உட்கார வைக்கிற டைக்குள் பிசுக்குச் சேர்ந்து புல்லட் உட்காரும் ஆழம் மாறிக்கொண்டே போகிற தொல்லையும் இல்லை. குழலில் ஈயமே இல்லை என்று சொல்லலாம். பூச்சு ஒழுங்காக வெந்திருக்கிறதா என்று பார்க்க, அசிட்டோன் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள், நிறம் துணியில் ஏறக் கூடாது. சுத்தியலால் தட்டித் தட்டையாக்கினாலும் பூச்சு உரிந்து வரக் கூடாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. கூட்டின் வாயைப் போதுமான அளவு விரிக்காமல் புல்லட்டை உட்கார வைத்தால் பித்தளை விளிம்பு பூச்சைச் சீவிவிடும். கூட்டின் வாயைச் சுற்றி மெல்லிய வண்ண வளையம் தெரிந்தால் அதுதான். சீவின இடத்தில் வெறும் ஈயம், பிறகு பழைய கதைதான். செம்பு உறை புல்லட்டுக்காகச் செய்த விரிப்பு முனை, ஈயத்துக்குக் கொஞ்சம் சிறிதாக இருக்கும். ஈய அளவுக்கான முனை தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குவது வீண்செலவு இல்லை. அதேபோல, சில கிரிம்ப் டைகளில் கடைசியில் கூட்டை மறுபடி அமுக்குகிற கார்பைட் வளையம் இருக்கிறது. செம்பு உறைக்கு அது தொந்தரவு இல்லை. 0.431 ஈயத்தை உள்ளே வைத்து அதில் ஏற்றினால், கூட்டோடு சேர்ந்து புல்லட்டும் நசுங்கிச் சிறுத்துவிடும், காசு கொடுத்து வாங்கின விட்டம் அங்கேயே போய்விட்டது.

எக்ஸ்டிபி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, சொல்ல வைக்காததுதான் அதன் சிறப்பு. விட்டம் 0.430, ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லை, கிரிம்ப் செய்யப் பள்ளம் இருக்கிறது, இலக்குக் காகிதத்தில் மூன்றிலும் நெருக்கமாக விழுந்தது இதுதான். மான் மாதிரி உடம்புக்கு விரிகிற புல்லட் வேண்டுமென்றால் யோசிக்காமல் வாங்கலாம். பெரிய, கனத்த விலங்குக்கு விரிவதைவிட ஆழமாகப் போவது முக்கியம். அங்கே 300 கிரெய்னை ஒட்டிய, அகலமான தட்டை மூக்கு வார்ப்பையே அனுபவசாலிகள் தேர்ந்தெடுக்கிறார்கள். மெதுவான லோடுக்கு உறை போட்ட புல்லட்டே வேண்டாம். செம்புக்குக் குழலில் உராய்வு அதிகம், அழுத்தம் போதாவிட்டால் பாதியிலேயே நின்றுவிடும், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் போச்சு.

தட்டை மூக்கு வார்ப்பைப் பிரபலமாக்கியவர் அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத். 1920-களின் கடைசியில் அவர் வடிவமைத்த 429421 என்ற லைமன் அச்சு இன்றைக்கும் பெயர் சொல்லிக் கேட்கப்படுகிறது. ஒரே அகலத்தில் மூன்று பட்டைகள், தட்டையான அடி, ஆழமான உயவுப் பள்ளம், சாய்வான கிரிம்ப் பள்ளம். 44 ஸ்பெஷலில் அவர் ஏற்றிச் சுட்ட கன லோடுகள்தான் 1955-இல் ரெமிங்டனும் ஸ்மித் அண்ட் வெஸனும் சேர்ந்து 44 மேக்னத்தைக் கொண்டுவரக் காரணம். பெட்டியில் 'கீத் டைப்' என்று போட்டு, சாய்வான அடியும் ஆழமில்லாத பள்ளமுமாக விற்கிறவற்றை அந்தப் பெயரால் கூப்பிடுவது கொஞ்சம் ஓவர்.

கிரிம்ப் பள்ளத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், பெரிய ரிவால்வர் பின்னால் உதைக்கும்போது கூடு துப்பாக்கியோடு பின்னால் போகிறது, சுடாத அறைகளில் இருக்கிற புல்லட் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. பிடி போதாவிட்டால் ஒவ்வொரு உதைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, கடைசியில் சிலிண்டருக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சுற்றவிடாமல் பூட்டிவிடும். பள்ளமே இல்லாத, மெல்லிய செம்பு முலாம் பூசிய புல்லட்டை முழு மேக்னத்தில் ஏற்றுகிறவர்களுக்கு இது நடக்கும். சோதிப்பது சுலபம்: ஒரு தோட்டாவின் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு, மற்றதையெல்லாம் சுட்டுவிட்டு அதை மட்டும் எடுத்து மறுபடி அளக்க வேண்டும். நீண்டிருந்தால் கிரிம்பை இன்னும் இறுக்குவதற்கு முன் கூடு புல்லட்டைப் பிடிக்கிற பிடியைப் பாருங்கள், பெரும்பாலும் குற்றவாளி அதுதான். உட்கார வைப்பதையும் கிரிம்ப் செய்வதையும் இரண்டு வேலையாகச் செய்தால் ஈயம் சீவாது.

45 கோல்ட் வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடம்தான், இன்னும் ஒரு படி மேலே. 1873-இல் வந்த தோட்டா அது, பழைய துப்பாக்கிகளுக்கு 0.454, இன்றையவற்றுக்கு 0.452. அழுத்த வரம்பு 14,000 பிஎஸ்ஐ மட்டுமே. அதே 0.452 விட்டத்தில் இருக்கிற 454 கசூல் 65,000 வரை போகிறது. புல்லட் நுழைகிறது என்பதற்காக 45-க்குச் செய்த மெல்லிய உறை புல்லட்டைக் கசூலில் ஏற்ற வேண்டாம், அந்த வேகத்துக்கு என்று கனத்த உறையோடு தனியாக விற்கிறார்கள்.

வெடிமருந்து அளவு எதுவும் இங்கே தரப்போவதில்லை, அதற்கு அச்சிட்ட கையேடு இருக்கிறது. ஒன்று மட்டும்: மூன்றும் 240 கிரெய்ன் என்பதால் ஒரே அளவு மருந்தைப் போடலாம் என்று நினைக்காதீர்கள். நீளமும் உட்காரும் ஆழமும் வேறு, கூட்டுக்குள் மிஞ்சுகிற இடம் வேறு, அழுத்தமும் வேறு. ஒவ்வொன்றுக்கும் கையேட்டில் இருக்கிற ஆரம்ப அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஹெச்110 மாதிரி மெதுவாக எரியும் மருந்தை, கையேட்டில் போட்டிருப்பதற்குக் கீழே குறைப்பதும் ஆபத்து. ஈயத்தைத் தொட்ட கையோடு சாப்பிடவும் வேண்டாம்.

இனி நான் வாங்கப்போவது: மாதம் முழுக்கச் சுடுவதற்கு 0.431 பூச்சு ஈயம், வேட்டைக்கு ஒரு பெட்டி எக்ஸ்டிபி. அந்தக் கெட்டி வார்ப்பில் மிஞ்சியதைச் சொந்தமாக வார்க்கிற நண்பருக்குக் கொடுத்துவிட்டேன். சுத்த ஈயம் கலந்து இளக்கி, பெரிய அச்சில் ஊற்றப்போகிறார், பாதி திருப்பித் தருவதாகப் பேச்சு.