டர்பனில் அமுக்கரா வாங்கும் முன்: விந்து முந்துதலுக்கு எவ்வளவு உதவும்?

விந்து முந்துகிறது என்று டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் அமுக்கரா (அஸ்வகந்தா) வாங்குவோர் முதலில் லேபிளைப் படிக்கட்டும். தனி வேர்ப்பொடி வேறு, சூரணம் வேறு. சூரணத்தில் சுக்கு, மிளகு, திப்பிலியோடு சர்க்கரையும் சேரும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஒத்துவராது. வேர்ப்பொடியின் வழக்கமான அளவு நாளுக்கு 3 முதல் 6 கிராம், வெதுவெதுப்பான பாலில். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் ஓரளவு கைகொடுக்கும். நேரத்தை நீட்டும் என்பதற்குச் சான்று மெலிது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

ஒரே இரவில் வேலை செய்யும் 'மூலிகை' மாத்திரையா? அதுதான் சந்தேகத்துக்குரியது. அப்படிப்பட்டவற்றில் வயாக்ராவில் உள்ள மருந்தான சில்டெனாஃபில் ஒளிந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவருக்கு அது உயிராபத்து.

பொடியைவிடப் பயிற்சி மேல். உச்சம் நெருங்குமுன் நிறுத்தி, உணர்வு தணிந்தபின் தொடர வேண்டும். 3 முறை இப்படி, நான்காவதில் விந்தை வெளியேற விடலாம். நிறுத்துவதில் தாமதித்தால் பயிற்சியே வீண்.

விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் வலி இருந்தால் கெகல் (இடுப்புத் தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி) வேண்டாம். ஏற்கெனவே இறுகிய தசை இன்னும் இறுகும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிறு உப்பும்படி மூச்சை இழுத்து, மெதுவாக விடுங்கள்; இப்படி 5 நிமிடம். சிறுநீரில் எரிச்சல், ரத்தம், கூடவே காய்ச்சல் என்றால் பொடி காத்திருக்கட்டும், கிளினிக்குக்குப் போங்கள்.