சாமை என்று சொல்லி 2,340 ரூபாய்க்கு மக்காச்சோளத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள்

இன்று மதியம்தான் கடைசியாகப் போன் செய்தேன். இனி அந்த 2,340 ரூபாய் வராது. ஊட்டியில் பாக்கெட் உணவு வாங்குகிறவர்கள் எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. சுற்றுலா வேன்கள் நிற்கிற பக்கம் ‘இயற்கை உணவு’ என்று பச்சை போர்டு மாட்டிய கடைகளில் ஒன்று.

நான் குன்னூர்க்காரி. வெளியூர்க்காரர்கள் கண்டதையும் வாங்கிப் பை நிறைய அடைத்துக்கொண்டு போவதைப் பார்த்துச் சிரிக்கிறவள். அப்பாவுக்குச் சர்க்கரை, இட்லியைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். அதனால்தான் உள்ளே போனேன். கடையிலிருந்த பெண் என் கையைப் பிடித்து விரித்து ஒரு பிடி ஃபிளேக்ஸைக் கொட்டினாள். “சாப்பிட்டுப் பாருங்கக்கா. கோத்தகிரி பக்கம் இருளர் ஊர்ல விளையுற சாமை, ராகி. மலைத்தேன்ல புரட்டினது. சர்க்கரை துளிகூடக் கிடையாது, அப்பாவுக்குத் தைரியமாக் கொடுங்க.” பையில் முறத்தோடு ஒரு பாட்டி படம். பிளாஸ்டிக் தடை உள்ள மாவட்டமாச்சே, காகிதப் பை, சணல் கயிறு எல்லாம் பக்காவாக இருந்தது.

அந்தச் சரிவுகளில் சாமை விளைவது நிஜம், அதனால்தான் நம்பினேன். ஆனால் திரும்பின பக்கமெல்லாம் தேயிலையாக இருக்கிற மலையில், அலமாரி முழுக்க அடுக்குகிற அளவுக்குச் சாமை ஏது? அது அப்போது உறைக்கவில்லை. பாக்கெட் 390. ஆறு பாக்கெட், 2,340.

அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எட்டாம் நாள், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 286. வழக்கமாக 180-ஐத் தாண்டாதவர்.

பையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்க லேபிளின் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. டீ கொதிக்கிற ஆவியில் காட்டி நகத்தால் உரித்தேன். அடியில் வேறொரு லேபிள்! மக்காச்சோள மாவு, சர்க்கரை, மால்டோடெக்ஸ்ட்ரின், ராகி மாவு 4%, சாமை 2%, தேன் 0.5%. எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போட வேண்டும் என்பது சட்டம். ஆக, நான் வாங்கியது மக்காச்சோளமும் சர்க்கரையும். அந்த மால்டோடெக்ஸ்ட்ரின் ஸ்டார்ச்சை உடைத்துச் செய்கிற பொடி. நாக்குக்கு அவ்வளவாக இனிக்காது, ரத்தத்தில் சர்க்கரையை மட்டும் விறுவிறுவென ஏற்றிவிடும். தயாரித்தது வேறு மாநிலத் தொழிற்பேட்டை. காலாவதியாகி இரண்டு மாதம். மேலே ஒட்டியதில் அடுத்த வருடத் தேதி.

போன் செய்தால், “லாட் மாறி வந்திருக்கும் மேடம்.” வாங்கும்போது அக்கா, இப்போது மேடம். மறுநாள், ஓனர் கோயம்புத்தூர் போயிருக்கிறார். அதற்கு மறுநாள், பாக்கெட்டைப் பிரித்துவிட்டீர்களே. பிரிக்காமல் எப்படித் தின்பது? நேரில் போனேன். பில் கேட்டார்கள். அவர்கள் தந்த துண்டுச் சீட்டில் 2,340 என்ற எண்ணைத் தவிர ஒன்றுமில்லை. கடைசியில், “கால் கிலோ ஹோம்மேட் சாக்லேட் தர்றோம், விட்டுடுங்க” என்றார்கள். சர்க்கரைக்காரருக்குச் சாக்லேட்! இன்று மதியம் பேசியபோது பாதியிலேயே கட் செய்துவிட்டார்கள்.

சரி, சொல்வதாகச் சொன்னேனே. என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலில் முதல் மூன்று பெயரைப் படியுங்கள், முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருந்தால் தொடவே வேண்டாம். எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கம் இருக்கிறதா என்று எண்ணுங்கள். பொருள் பெயர் போட்ட பில் இல்லாமல் காசைக் கொடுக்காதீர்கள். இதற்கு மேல் எழுத எனக்குப் பொறுமை இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் கொடுத்துவிட்டேன். மீதி நாலு பாக்கெட்டை ஆதாரத்துக்காகப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். அப்பா வேறு, “அந்த ஃபிளேக்ஸ் தீர்ந்துபோச்சாம்மா?” என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்.