கிளிநொச்சி ஸ்டூடியோ ஒன்று: பட்டதாரிப் பிள்ளைகளின் விழாவுக்குக் கூப்பிடலாமா?

கூப்பிடலாம். ஆனால் "முகத்தை வெள்ளையாக்க வேண்டாம்" என்று முற்பணம் கொடுக்கிற அன்றே சொல்லிவிடுங்கள். மற்றப்படி வேலை தெரிந்த பொடியன்கள். ஸ்டூடியோவின் பெயரை நான் இங்கே போடவில்லை. குறையும் எழுதப்போகிறேன், எங்களுடையது சின்ன ஊர், யாரோ ஒருத்தி எழுதியதை வைத்து அவர்களின் பிழைப்பில் மண் விழக்கூடாது.

விசயம் இதுதான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் சீதுவையிலுள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் நான்கு வருடம் படித்து, சமூகப்பணி இளமாணிப் பட்டம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். களப்பயிற்சிக்கு எங்கள் அலுவலகத்தில் வந்து நின்ற பிள்ளைகள் என்பதால் எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு. பட்டமளிப்பு விழாவுக்கு ஊரையே கூட்டிக்கொண்டு போக முடியுமா? அம்மா அப்பாமார் இரவு பஸ் பிடித்துப் போய்வந்தார்கள். அம்மம்மா, சித்தி, மாமா, இடைக்கிடை கைச்செலவுக்குக் கொடுத்துவிட்ட அயலட்டைச் சனம் எல்லாம் போனில் படம் பார்த்ததோடு சரி. அதனால் பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு சின்ன மதிப்பளிப்பு வைத்தோம். குத்துவிளக்கு, மாலை, நாலு பேச்சு, பிறகு றோல்ஸும் வடையும் தேத்தண்ணியும். பேச்சு நீண்டுபோனது, அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

படம் எடுக்க வந்தவர்கள் இரண்டு பேர். பெரியவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மற்றவர் லைட் பிடிக்கிற தம்பி. வந்ததும் முதல் கேள்வி, "டிரோன் போடுவமோ மிஸ்?" இப்போது சாமத்திய வீட்டுக்கும் டிரோன்தான். நான் வேண்டாம் என்றேன். வன்னியில் போர்க்காலத்தில் இருந்தவர்களுக்கு அந்த இரைச்சல் என்ன என்று சொல்லத் தேவையில்லை. ஆளில்லா வேவு விமானத்தைக் கண்டு 'வண்டு' சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டு பங்கருக்குள் இறங்கிய சனம்தான் அன்றைக்கு முன்வரிசையில் பட்டுச்சேலையோடு இருந்தது. அவர் மறுபேச்சுப் பேசாமல் பெட்டியை மூடி வானுக்குள் வைத்துவிட்டார். வேறு ஆட்கள் என்றால் "வடிவா வரும் மிஸ்" என்று இன்னும் இரண்டு தரம் கேட்டிருப்பார்கள்.

அடுத்தது எங்கள் தொழிலோடு சம்பந்தப்பட்ட சிக்கல். பிள்ளைகள் களப்பயிற்சியில் நுண்கடன் நெருக்கடியில் இருந்த பெண்களோடு குழுப்பணி செய்திருந்தார்கள். அந்தப் பெண்களில் சிலர் வாழ்த்த வந்திருந்தார்கள். அவர்களின் முகம் படத்தில் வந்து, அது முகநூலில் ஏறி, "இவவும் லோன் எடுத்தவவோ" என்று யாரும் கதைக்கக்கூடாது. ஆட்களின் கதையைக் காப்பாற்றுவது சமூகப்பணியில் முதல் வருடமே படிப்பிக்கிற பாடம். படம்பிடிப்பவருக்கு அது தெரியவேண்டும் என்றில்லை. இவருக்குச் சொன்னவுடன் விளங்கியது. படம் வேண்டாம் என்பவர்களைச் சுவரோரமாக இடப்பக்கக் கதிரைகளில் இருக்கவைக்கச் சொன்னார். தன் கமராவை அந்தச் சுவர்ப் பக்கமே கொண்டுபோய் நின்று மற்றப் பக்கம் பார்த்தே எடுத்தார். முழு மண்டபமும் தெரிகிற படம் ஒன்றுகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதில் எனக்கு மனக்குறை இல்லை.

இவர்களை நான் சிபாரிசு செய்வதற்குப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஒரு பிள்ளையின் அப்பா 2009 இல் முள்ளிவாய்க்காலில் காணாமற்போனவர். கலியாண அல்பம் இடம்பெயர்வில் போய்விட்டது. இருந்தது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதுவும் ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கும் அலுவலகத்துக்கும் கொடுக்கப் பிரதி எடுத்து எடுத்து மங்கியது. மகள் பட்டத்தோடு நிற்கிற படத்தில் அவரையும் சேர்த்துத் தர முடியுமா என்று தாய் கேட்டார். வன்னி ஸ்டூடியோக்களுக்கு இது புதிய வேலை இல்லை. அரைமணித்தியாலத்தில் வெட்டி ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். தலை ஒருவருடையது, கோட் சூட் இணையத்தில் எடுத்தது, கழுத்தில் வெள்ளைக் கோடு தெரியும்.

இவர் முதலில் கதிரை இழுத்துப் போட்டுத் தாய்க்குப் பக்கத்தில் இருந்தார். "அம்மா, அப்பான்ர படத்துக்கு மாலை, பொட்டு ஒண்டும் வைக்கிறேல்லத்தானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம் தம்பி. சும்மா பக்கத்தில நிக்கட்டும்."

பிறகு உயரம் கேட்டார். தாய் எழும்பி, தன் காதுக்கு மேலே உள்ளங்கையை வைத்துக் காட்டினார். கோட் சூட் போடுகிறவரா என்று கேட்டதற்கு, வெள்ளைச் சேட்டுத்தான், கை மடித்துவிடுவார் என்றார். அடையாள அட்டைப் படத்தில் வெளிச்சம் நேர் முன்னாலிருந்து விழுந்திருந்தது. அதனால் மகளையும் தாயையும் திரும்ப நிறுத்தி, லைட்டை நேர் முன்னுக்கு வைத்து இன்னொரு தரம் எடுத்தார். நடுவில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு. வந்த படத்தில் அப்பா மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருக்கிறார். அதை அவர் மாற்றவில்லை. நரைமுடி போட்டு வயதைக் கூட்டிக் காட்டவும் மென்பொருள் இருக்கிறதாம், கேட்டால்தான் செய்வாராம். இந்த வேலைக்குத் தனிக் காசு எடுக்கவில்லை, படச்சட்டத்துக்கு மட்டும்தான் எடுத்தார்.

சரி, இனிக் குறைகள்.

முதல் அச்சில் எல்லாப் பிள்ளைகளும் வெளுத்துப்போயிருந்தார்கள். வெயிலில் சைக்கிள் உழக்கி வீடு வீடாகத் திரிந்த பிள்ளைகள். கறுப்புத்தான், வடிவான கறுப்பு. படத்தில் பார்த்தால் பவுடர் டப்பாவுக்குள் விழுந்து எழும்பியவர்கள் மாதிரி இருந்தார்கள். ஒரு அம்மம்மா பேத்தியின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு "இது ஆற்ற பிள்ளை?" என்று கேட்டார். கேட்டால், கலியாண வீட்டுக்காரர் எல்லாம் அப்படித்தான் கேட்கிறார்களாம், கணினியில் அது தானாகவே போட்டுவிடுகிறதாம். திரும்ப அச்சடித்துத் தந்தார்கள், காசும் கேட்கவில்லை. ஆனால் அதற்கிடையில் பிள்ளைகளில் ஒருத்திக்கு வேலை கிடைத்து மன்னாருக்குப் போய்விட்டாள்.

அல்பத்தின் முதல் பக்கத்துக்கு நான் சில வரி எழுதிக் கொடுத்திருந்தேன். இலங்கையில் சமூகப்பணிக் கல்வி 1952 இல் தொடங்கியது, 1992 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இந்த நிறுவகம் அமைந்தது, 2005 இல்தான் பட்டப்படிப்பு ஆரம்பமானது என்று. ஊர்ச்சனத்துக்கு இது டிப்ளோமாவா, கோர்ஸா, என்ன வேலை என்று இன்னும் சந்தேகம். டொக்டர், எஞ்சினியர் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். அல்பத்தைத் திறக்கிறவர்கள் அதைப் படிக்கட்டும் என்று நினைத்தேன். வட்சப்பில் அனுப்பிய எழுத்து அவர்களின் வடிவமைப்பு மென்பொருளில் கட்டம் கட்டமாக வந்ததாம்; பாமினி எழுத்துருவில் திரும்பத் தட்டச்சுச் செய்திருக்கிறார்கள். அதில் 1952 என்பது 1925 ஆகிவிட்டது. அச்சுக்குப் போக முதல் மாதிரியைப் போனுக்கு அனுப்பினார்கள், அதனால் பிடித்தோம். நீங்களும் மாதிரி கேளுங்கள், எண்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அதே மாதிரியில் ஒரு பக்கத்தின் பின்னணியில் ஈபிள் கோபுரமும் நின்றது. எதற்கு என்று கேட்டேன், "சும்மா ஒரு லுக்குக்கு மிஸ்" என்றார் லைட் பிடிக்கிற தம்பி. அதை எடுத்துவிட்டு, பிள்ளைகளே போனில் எடுத்து வைத்திருந்த இரணைமடுக் குளக்கட்டுப் படத்தைப் போடச்சொன்னோம். நன்றாக வந்திருக்கிறது.

அங்கி வாடகைக்கு உண்டு என்பார்கள். நம்பவேண்டாம். கறுப்பு அங்கி பரவாயில்லை, ஆனால் கழுத்தில் போடுகிற பட்டி எந்தப் பல்கலைக்கழகத்துடையது என்று யாருக்கும் தெரியாத ஒரு நீலம். பிள்ளைகள் தொட்டுப் பார்த்துவிட்டுச் சேலையிலேயே நின்றார்கள். அதுதான் எடுப்பாகவும் இருந்தது.

காசு விபரம்: அரைநாள் படப்பிடிப்பு 35,000 ரூபாய். மகசின் அல்பம் ஒன்று 18,000. 12 க்கு 18 அங்குலப் படம் சட்டத்தோடு 3,500. பாதியை முதலே கொடுக்கவேண்டும். அல்பம் ஒன்றை எடுத்துவிட்டு, எல்லாப் படங்களையும் பென்டிரைவில் வாங்கிப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டோம். அதற்கு முகம் சுளிக்கவில்லை. சொன்ன தவணைக்கு அல்பம் வராது, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாட்களில் ஆட்களே கிடைக்கமாட்டார்கள், கலியாண வீடுகள்தான் அவர்களுக்குச் சோறு போடுகின்றன. கிழமை நாளில் வைத்தால் கொஞ்சம் குறைத்தும் தருவார்கள். புதுக்குடியிருப்பு, மல்லாவிப் பக்கம் என்றால் வானுக்குத் தனிக் காசு. அதையும் முதலே பேசிவிடுங்கள்.