ஸோட்டெரோ: ஆய்வுக் கட்டுரை அனுப்புகிறவர்களுக்கு அவசியமான மென்பொருள்

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும்போது மேற்கோள் பட்டியல்தான் பெரிய தலைவலி. ஓர் இதழ் எண் முறையில் கேட்கும்; அது வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால், அடுத்த இதழ் ஆசிரியர் பெயர், ஆண்டு என்று கேட்கும். மேற்கோள்களைச் சேர்த்துவைத்து ஒழுங்குபடுத்தும் மென்பொருளான ஸோட்டெரோவில் மேற்கோள் பாணியை மாற்றினால் போதும், வேர்டில் கட்டுரைக்குள் இருப்பதும் கடைசிப் பட்டியலும் சேர்ந்தே மாறிவிடும். என் மண்ணியல் கட்டுரை இரண்டாவது இதழுக்குப் போனபோது டீ ஆறுவதற்குள் அந்த வேலை முடிந்தது.

2006-இல் வந்த மென்பொருள், இன்றும் இலவசம். டிஓஐ எண்ணை (கட்டுரைக்கென்று தரப்படும் தனி அடையாள எண்) ஒட்டினால் அந்தக் கட்டுரையின் விவரங்களைத் தானே எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொன்றையும் சரிபாருங்கள். குறிப்பாக நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியலும் பெயரும் இடம் மாறி உட்கார்ந்துவிடும். பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தி இரண்டு பெட்டியையும் ஒன்றாக்கினால், எழுதியபடியே நிற்கும். இந்த வசதிக்காகவே நான் வேறு எதற்கும் மாறவில்லை.

இணையச் சேமிப்பு 300 எம்பி வரைதான் இலவசம். பிடிஎஃப்களைக் கணினியிலேயே வைத்துக்கொண்டு விவரங்களை மட்டும் ஒத்திசைத்தால் காசு கட்ட வேண்டியதில்லை.

அப்புறம், அனுப்புவதற்கு முன் கோப்பை நகலெடுத்து, அந்த நகலில் மட்டும் 'அன்லிங்க்' (மேற்கோள்களுக்கும் ஸோட்டெரோவுக்கும் உள்ள இணைப்பைத் துண்டிப்பது) கொடுங்கள். மூலக் கோப்பில் இணைப்பு அப்படியே இருந்தால்தான் திருத்தச் சொல்லி வரும்போது கைகொடுக்கும்.