10 மடங்குக் கைலென்ஸ்: பாரிமுனையில் வாங்கியது

பெரம்பலூர் மாவட்டம் காரைக்கு அருகே, மழை அரித்த களிமண் ஓடையில் சென்ற தை மாதம் எனக்குக் கிடைத்த கட்டைவிரல் நகமளவுச் சுருள் புதைபடிவத்தை வீட்டில் எல்லோரும் நத்தை என்றார்கள். நானோ குட்டி அம்மோனைட், அதாவது அறை அறையாகத் தடுத்த சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்து அற்றுப்போன கடலுயிர், என்று நம்பியிருந்தேன். அப்பகுதிப் படிவுகள் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் சேர்ந்தவை என்பதால் இரண்டுக்கும் இடமுண்டு. ஆனால் சுருளின் கடைசிப் பகுதி வட்டத்தை விட்டு விலகிக் குழாய்போல் நீண்டிருந்தது உறுத்திக்கொண்டே இருந்தது.

அதைப் பார்ப்பதற்காக முதலில் இணையத்தில் வாங்கிய, ‘30 மடங்கு’ என்று பொறித்த லென்ஸ் ஏமாற்றிவிட்டது. உண்மையான 30 மடங்கு லென்ஸ் பொருளிலிருந்து சுமார் 8 மில்லிமீட்டரில்தான் தெளிவாகக் காட்டும். இதுவோ இரண்டரை சென்டிமீட்டரிலேயே தெளிந்தது, அதாவது வெறும் 10 மடங்கு. ஓரங்களில் நிறம் கசிந்தது வேறு.

பிறகு பாரிமுனையில் ஆய்வகக் கருவிகள் விற்கும் ஒரு கடையில், மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்த 10 மடங்கு லென்ஸை 1,150 ரூபாய்க்கு வாங்கினேன். நான் கொண்டுபோன கிராஃப் தாளை வைத்துச் சோதிக்கக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் விட்டார். ஓரம்வரை கட்டங்கள் வளையவில்லை.

மறுநாள் மொட்டை மாடியில், காலை வெயில் பக்கவாட்டில் விழும்படி நின்று, லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக் கல்லை மெல்ல அருகே கொண்டுவந்தேன். அம்மோனைட் என்றால், ஓடு உதிர்ந்த இடங்களில் அறைச்சுவர்களின் நெளிகோடுகள் தெரிய வேண்டும், ஒன்றுகூட இல்லை. உடைந்த முனையில், தடுப்பேதுமற்ற வட்டக் குழாய்க்குள் பழுப்புக் களிமண் இறுகியிருந்தது. தடித்த குழாய்ச்சுவர் படலம் படலமாகத் தெரிந்தது. காரைக் களிமண்ணில் நிறையக் கிடைக்கும் ரோட்டுலேரியா, அதாவது கடற்புழு தனக்குக் கட்டிக்கொண்ட சுண்ணாம்புக் கூடு, என்ற முடிவுக்கு வந்தேன். நிலவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரும் கையில் வாங்கிப் பார்த்து அதையே சொன்னார். அம்மோனைட் இல்லை என்பதில் வருத்தம்தான்; நத்தையும் இல்லை என்பதில் சிறு ஆறுதல்.

குறைகள் உண்டு. பார்வைப் பரப்பு சிறியது என்பதால் கல் முழுவதையும் ஒரே பார்வையில் அடக்க முடியாது. உடன் தந்த உறை மட்டமானது. மடக்கும் திருகாணி நம் ஊர் உப்புக்காற்றில் இரண்டே மாதத்தில் துருப்பிடித்துவிட்டது. ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் விட்டபின் இப்போது தடையின்றி மடங்குகிறது.